தாஷ்கண்ட் நகரமும் அதன் வீடுகளும்

தாஷ்கண்ட் என்னும் பெயரைக் கேள்வியுறாத இந்தியர் அநேகமாக இரார். 1966-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி இந்தியாவும் பாகிஸ்தானும் சமாதான அறிக்கையில் கையொப்பமிட்டது அந்நகரில்தான். அன்றிரவு கழிந்து 11-ஆம் தேதி பொழுது புலருமுன் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி உயிர் நீத்ததும் அந்நகரில்தான். அவர் பெயரால் ஒரு வீதியும், அவருடைய உருவச்சிலையும் அங்கே உண்டு.

அந்தச் சோகம் நிகழ்ந்து மூன்றரை மாதங்கள் கழிவதற்குள் தாஷ்கண்ட் நகரம் மற்றொரு பேரிடருக்கு ஆளாயிற்று. ஏப்ரல் 26-ஆம் தேதி விடியற்காலை நிலம் நடுங்கியது, லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். இன்று நாம் ஆராயப் போவது அந்த வீடுகளின் கதையையே. ஒரு தலைநகரம் தன் மக்களை எங்கே குடிவைத்தது, எவ்வாறு குடிவைத்தது, யாருக்கு இடமில்லை என்று கதவை அடைத்தது என்பனவே இப்பேச்சின் பொருள். சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் வாழும் நேயர்களுக்கு வீடு தேடும் அலைச்சல் புதிதன்று. ஆகவே தொலைவிலுள்ள ஊரின் கதையாயினும், இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

மண்ணால் ஆன கல் நகரம்

உஸ்பெக் மொழியில் 'தாஷ்' என்றால் கல். 'கெண்ட்' என்பது ஊர். பெயர் கல் நகரம்; ஆயினும் பழைய தாஷ்கண்ட் பெரும்பாலும் மண்ணாலேயே கட்டப்பட்டிருந்தது. சிர்சிக் ஆற்றிலிருந்து கால்வாய்கள் வெட்டி நீர் கொணர்ந்து, வறண்ட நிலத்தைச் சோலையாக்கி அதன் நடுவே மக்கள் குடியேறினர். தெருவோரங்களில் ஓடும் சிறு வாய்க்கால்களுக்கு 'அரிக்' என்று பெயர். கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் அந்நாட்டில் மரங்களுக்கு உயிர் கொடுப்பவை அந்த வாய்க்கால்களே.

பழைய வீட்டின் அமைப்பை நம்மவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். சந்தின் பக்கம் பார்த்தால் சன்னல் இல்லாத நெடுஞ்சுவரும், ஒரே ஒரு கதவுமே தெரியும். உள்ளே நுழைந்தால் திறந்த முற்றம். அதைச் சுற்றித் தூண்கள் தாங்கிய தாழ்வாரம். அதன் பின்னே அறைகள். முற்றத்தில் திராட்சைக் கொடிப் பந்தலும், ஒன்றிரண்டு வாதுமை அல்லது மாதுளை மரங்களும், ஓர் ஓரத்தில் ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பும் இருக்கும். சுவர்கள் மரச் சட்டங்களுக்கிடையே சுடாத செங்கல்லை அடுக்கி மண் பூசி எழுப்பியவை. பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையினர் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்வர்.

இத்தகைய வீடுகள் பல சேர்ந்தது 'மஹல்லா'. வட இந்திய நகரங்களில் நீங்கள் அன்றாடம் கேட்கும் 'மொகல்லா' என்ற சொல்லும் இதுவும் ஒன்றே. ஆனால் அங்கே மஹல்லா என்பது வெறும் இடப்பெயரன்று; ஒரு சமூக அமைப்பு. அதற்கு ஒரு பெரியவர் உண்டு. அவரை 'ஒக்சொகோல்', அதாவது 'வெண்தாடியர்' என்பர். கலியாணம், சாவு, பிணக்கு, கடன் யாவும் அவர் காதுக்குப் போகும். ஒருவன் வீடு கட்டினால் அண்டை அயலார் கூலியின்றி வந்து கை கொடுப்பர். அவ்வழக்கத்துக்கு 'ஹஷார்' என்று பெயர். தேநீர்க் கடை அவர்களுடைய சபா மண்டபம்.

1865-ஆம் ஆண்டில் ருஷ்யப் படைகள் தாஷ்கண்டைக் கைப்பற்றின. வெற்றி பெற்றவர்கள் பழைய ஊருக்குள் குடிபுகவில்லை. அன்ஹோர் என்னும் கால்வாய்க்குக் கிழக்கே, அகன்ற நேரான வீதிகளும் நிழல் மரங்களும் கொண்ட ஒரு புதிய ஊரைக் கட்டிக்கொண்டனர். பழைய தில்லியும் புது தில்லியும் போல, ஒரே பெயரில் இரண்டு நகரங்கள் அருகருகே வளர்ந்தன. 1930-ஆம் ஆண்டில் உஸ்பெக் சோவியத் குடியரசின் தலைநகர் சமர்க்கந்திலிருந்து தாஷ்கண்டுக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின் போது மேற்கிலிருந்து தொழிற்சாலைகளும் அகதிகளும் பெருந்திரளாக இங்கு வந்து சேர்ந்தனர். யுத்தம் முடிந்தபின் பலர் திரும்பினர், பலர் தங்கிவிட்டனர். 1950-களில் தாஷ்கண்ட் கடும் வீட்டுப் பஞ்சத்தில் இருந்தது.

பூகம்பம் புரிந்த வேலை

1966-இல் நிகழ்ந்த பூகம்பம் அளவில் மிகப் பெரியதன்று. ரிக்டர் அளவில் ஏறத்தாழ 5.2 என்று கணக்கிட்டனர். இத்தகைய அதிர்ச்சி உலகில் அடிக்கடி நேர்வதுதான். ஆனால் இதன் மையம் நகரின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, சில கிலோமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. நிலம் பக்கவாட்டில் ஆடியதைவிட மேலுங்கீழுமாகக் குலுங்கியது. ஆகவே சேதம் ஒரு சிறு வட்டத்துக்குள் குவிந்தது. மண் சுவர்கள் பிளந்தன, கூரைகள் சரிந்தன. மர எலும்புக்கூடு பல வீடுகளில் முழு இடிவைத் தடுத்து மக்களை வெளியேறச் செய்தது. அரசாங்கம் அறிவித்த உயிர்ச்சேதமும் மிகக் குறைவே. ஆயினும் 78,000 குடும்பங்கள், அதாவது மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், வீடிழந்ததாகக் கணக்கிடப்பட்டது. பல மாதங்கள் வரை பின்னதிர்வுகள் ஓயவில்லை. வீதிகளிலும் பூங்காக்களிலும் கூடாரங்கள் எழுந்தன. ஏராளமான சிறுவர் சிறுமியர் மற்றக் குடியரசுகளிலுள்ள விடுதி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

சோவியத் தலைவர்களான பிரெஷ்னேவும் கொசிகினும் விமானத்தில் விரைந்து வந்தனர். எல்லாச் சோவியத் குடியரசுகளும் கட்டுநர்களையும், கருவிகளையும், பொருள்களையும் ரயில் ரயிலாக அனுப்பின. ஒவ்வொரு குடியரசுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. உக்ரேனியர் கட்டிய பகுதி, ஜார்ஜியர் கட்டிய பகுதி என்று மக்கள் அவற்றைச் சுட்டினர். மூன்றரை ஆண்டுகளில் வீடிழந்தவர்களில் பெரும்பாலோர் கூரைக்குள் வந்துவிட்டனர். இது மனிதச் சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பூகம்பத்துக்கு முன்பே நகரத் திட்ட நிபுணர்கள் பழைய ஊரை இடித்துவிடத்தான் எண்ணியிருந்தனர். குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் இல்லாத மண் வீடுகள் அவர்கள் கண்ணுக்குப் பிற்போக்கின் சின்னங்களாகத் தோன்றின. 1950-களின் இறுதியிலேயே நகரின் தென்மேற்கில் சிலன்சார் என்னும் புதிய குடியிருப்பு தொடங்கப்பட்டிருந்தது. பூகம்பம் அந்தத் திட்டங்களுக்கு வேகத்தையும் காரணத்தையும் தந்தது. விரிசல் மட்டும் கண்ட வீடுகளும் இடிக்கப்பட்டன. பல உஸ்பெக் குடும்பங்கள் புதிய அடுக்கு வீட்டுக்குப் போகத் தயங்கின. பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டறை எப்படிப் போதும்? திராட்சைப் பந்தலை எங்கே வைப்பது? விருந்தினர் ஐம்பது பேர் வந்தால் எங்கே அமர்த்துவது? இக்கேள்விகளுக்கு வரைபடத்தில் விடை இல்லை. ஆயினும் பழைய ஊர் முற்றும் அழிந்துவிடவில்லை. சோர்சு அங்காடியைச் சுற்றி மஹல்லாக்களும் மண் சுவர்ச் சந்துகளும் பிழைத்தன.

இடிந்த நகரின் நினைவாக 1976-இல் ஒரு சின்னம் நிறுவப்பட்டது. பிளந்த கல்லில் பூகம்பத்தின் நாளும் நேரமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதன் அருகே மனைவியையும் குழந்தையையும் கை நீட்டிக் காக்கும் ஓர் ஆடவனின் வெண்கலச் சிலை. புதுமணத் தம்பதிகள் அங்கே மலர் வைப்பது வழக்கமாயிற்று.

தொழிற்சாலையில் வார்த்த வீடு

அத்தனை வீடுகளை அத்தனை விரைவில் எப்படிக் கட்டினர்? வீட்டைக் கட்டும் இடத்தில் கட்டாமல், தொழிற்சாலையில் வார்த்தனர். சன்னல் துளையுடன் கூடிய முழுச் சுவரும் கான்கிரீட் பலகையாக அச்சில் வார்க்கப்படும். அப்பலகைகளை லாரியில் ஏற்றிக் கொணர்ந்து, பாரந்தூக்கியால் நிறுத்தி, மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பைப் பற்றவைத்து இணைத்துவிடுவர். சிலன்சாரில் முதலில் எழுந்தவை பெரும்பாலும் நான்கு மாடிக் கட்டடங்கள். பின்னர் ஒன்பது மாடியும் அதற்கு மேலும் வந்தன.

பல கட்டடங்கள் சேர்ந்து ஒரு வட்டாரம். அதற்குள்ளே பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், மருத்துவ நிலையம், கடை யாவும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. குழந்தை பெரிய சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போகலாம். வட்டாரங்களுக்குப் பெயரில்லை, எண்தான். 'சிலன்சார் ஒன்பது' என்றால் அதுவே விலாசம். கட்டடங்களுக்கு இடையே தாராளமாக வெளியிடம் விட்டு மரங்கள் நட்டனர். அரிக்குகளும் அங்கே ஓடின. வீடு சிறியது, சமையலறை மிகச் சிறியது. ஆனால் குழாயில் வெந்நீர் வந்தது, குளிர்காலத்தில் பொது நிலையத்திலிருந்து குழாய் வழியே வெப்பம் வந்தது, வாடகை அற்பமாக இருந்தது. வீட்டைச் சொந்தமாக வாங்க முடியாது. அரசாங்கமோ தொழிற்சாலையோ வரிசைப்படி ஒதுக்க வேண்டும். அந்த வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர்.

தாஷ்கண்ட் கட்டடக் கலைஞர்கள் ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கும் ஊரின் முகத்தைக் கொடுக்க முயன்றனர். வெயிலைத் தடுக்கும் பின்னல் திரைகளைக் கான்கிரீட்டில் அமைத்தனர். சன்னலில்லாத பக்கச் சுவர்களில் ஜார்ஸ்கி சகோதரர்கள் வண்ணச் சில்லுகளால் பெரிய சித்திரங்கள் பதித்தனர். 1985-இல் கட்டப்பட்ட 'முத்து' என்னும் பதினாறு மாடிக் கட்டடத்தில், மும்மூன்று மாடிக்கு ஒரு பொது முற்றம் வைத்து, மஹல்லாவையே செங்குத்தாக நிறுத்திப் பார்த்தனர். 1977-இல் மத்திய ஆசியாவின் முதல் நிலத்தடி ரயில் தாஷ்கண்டில் ஓடத் தொடங்கியது. அதன் முதல் தடம் சிலன்சாரை நகர மையத்துடன் இணைத்தது.

மக்களும் சும்மா இருக்கவில்லை. கீழ்த்தளத்தில் குடியிருந்தோர் சன்னலடியில் நிலத்தைக் கொத்தித் தோட்டமிட்டு, கொடிப் பந்தல் எழுப்பினர். மேல்தளத்தார் மாடத்தை அடைத்து அறையாக்கினர். சில கட்டடங்களின் பின்புறத்தில் தந்தூர் அடுப்புக்கூடத் தோன்றியது. திட்டக்காரர் மறந்த முற்றத்தைக் குடியிருப்போர் தம் கையாலேயே மீட்டுக்கொண்டனர்.

சுவர் நமது, நிலம் யாருடையது?

1991-ஆம் ஆண்டில் சோவியத் யூனியன் கலைந்தது. தாஷ்கண்ட் சுதந்திர உஸ்பெகிஸ்தானின் தலைநகராயிற்று. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்க வீடுகள் அவற்றில் குடியிருந்தவர்களுக்கே உரிமையாக்கப்பட்டன. நேற்று வரை வாடகைக்காரர், இன்று சொந்தக்காரர். அதே காலத்தில் ருஷ்யர், யூதர் முதலிய பலர் நாட்டை விட்டுப் புறப்பட்டனர். வீடுகள் மலிவாகக் கை மாறின.

இங்கே ஒரு நுட்பமான சிக்கலைக் கவனிக்க வேண்டும். வீட்டின் உட்சுவர் குடும்பத்துக்குச் சொந்தம். ஆனால் கூரை யாருடையது? படிக்கட்டு யாருடையது? மின்தூக்கி பழுதானால் யார் செலவிடுவது? முன்பு இவை யாவற்றையும் அரசாங்கம் பார்த்தது. இப்போது எல்லாருக்கும் பொதுவானது என்றால், ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. இதற்காக 1999-இல் வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்களை அமைக்கச் சட்டம் வந்தது. 2019-இல் நிர்வாக முறையை மாற்றியமைக்கும் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. சங்கம் நன்றாக நடந்த இடத்தில் கட்டடம் பிழைத்தது. மற்ற இடங்களில் குழாய்கள் துருப்பிடித்தன, கூரை ஒழுகியது. 2023 ஜனவரியில் கடுங்குளிர் தாக்கியபோது நகரெங்கும் எரிவாயுவும் மின்சாரமும் வெப்பமும் தடைப்பட்டன. மக்கள் அவதியுற்றனர், நகரத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பொதுக் குழாயில் வெப்பம் வராவிட்டால், உட்சுவரின் உரிமைப் பத்திரம் குளிரைத் தடுப்பதில்லை.

இன்னொரு சிக்கல் இதினும் ஆழமானது. வீடுதான் குடிமக்களுடையதாயிற்று, அதன் கீழுள்ள நிலம் அரசாங்கத்திடமே இருந்தது. விவசாயத்துக்கு உட்படாத நிலத்தைத் தனியார் உரிமையாக்க வழி செய்த சட்டம் மிகவும் பிந்தியே வந்தது. பிறகு நடந்தவற்றுக்குத் திறவுகோல் இதுவே.

ஊரில் இருக்க ஓர் உத்தரவு

அதற்குமுன், வீடு வாங்கவே முடியாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோவியத் காலத்தில் 1932 முதல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை இருந்தது. ஒவ்வொருவரும் எந்த ஊரில் வசிக்க அனுமதி பெற்றவர் என்பது அதில் முத்திரையிடப்படும். அதற்குப் 'புரொபிஸ்கா' என்று பெயர். நாடு சுதந்திரம் பெற்ற பின்னும் தாஷ்கண்டில் இம்முறை நீடித்தது. 1999-க்குப் பின் மேலும் இறுகியது. 2011-ஆம் ஆண்டுச் சட்டம், தலைநகரில் நிரந்தரமாகப் பதிவு பெறத் தகுதியுடையோர் யார் யார் என்று வகை வகுத்துப் பட்டியலிட்டது. ஏனையோர் தம் நாட்டிலேயே, தம் தலைநகரிலேயே, அனுமதியற்றவர்களாயினர். முத்திரை இல்லாதவர் நல்ல வேலையிற் சேர்வது கடினம். தம் பெயரில் வீடு வாங்குவதும் கடினம். பெர்கானாவிலிருந்தோ கோரெஸ்மிலிருந்தோ வந்த இளைஞர் உறவினர் பெயரில் வீடு வாங்குவதும், முத்திரைக்காகக் கையூட்டுக் கொடுப்பதும், காவலர் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழ்வதும் சாதாரணமாயின.

2018 முதல் இக்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கும் வெளியூரார் பதிவு பெறலாம் என்று முதலில் வழி திறந்தது. 2020-இல் பழைய முத்திரை முறை கைவிடப்பட்டு எளிய பதிவு முறை வந்தது. தலைநகரில் வீடு வாங்குவதற்கிருந்த தடையும் பெரும்பாலும் அகன்றது.

நம் நாட்டு அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் நிலையாகக் குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்ட ஒருவர் தில்லியிலோ புனேயிலோ பெட்டியை இறக்கி வைக்கும்போது இந்தப் பிரிவை நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் நேர்வதில்லை. வீட்டுக்காரர் முன்பணம் அதிகம் கேட்கலாம். மொழி தெரியவில்லை என்று முகம் சுளிக்கலாம். ஆயினும், 'இந்த ஊரில் இருக்க உனக்கு உத்தரவு உண்டா?' என்று சர்க்கார் கேட்பதில்லை. அக்கேள்வி கேட்கப்படும் நாட்டின் கதையைக் கேட்டால்தான் அந்தப் பிரிவின் மதிப்பு நன்கு விளங்குகிறது.

இடிப்பும் எதிர்ப்பும்

2016-இல் ஆட்சித் தலைமை மாறியபின் நாட்டின் கதவுகள் ஓரளவு திறந்தன. முதலீடு வந்தது, தாஷ்கண்டில் கட்டட வேலை பெருகியது. நகரின் மக்கள்தொகை 1989-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருபது லட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. இப்போது முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. புது வீடுகள் தேவை என்பதை யாரும் மறுக்க இயலாது. எங்கே, யாருடைய இடத்தில் என்பதே வழக்கு.

2017-இல் 'தாஷ்கண்ட் சிட்டி' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. நகரின் நடுவே சுமார் 80 ஹெக்டேர் நிலத்தில் வாணிப மாளிகைகள், ஓட்டல்கள், உயர்தர வீடுகள், பூங்கா ஆகியன எழ வேண்டும் என்பது நோக்கம். அந்நிலம் வெற்றிடமன்று. அங்கே பழைய மஹல்லா வீடுகள் இருந்தன. சோவியத் காலச் சினிமாக் கலைஞர்களின் மாளிகை ஒன்றும் இருந்தது. மாளிகை இடிக்கப்பட்டது, மஹல்லாவும் மறைந்தது. அங்கிருந்தோர் பலர் நகரின் வேறு மூலைகளிலுள்ள அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர்.

பொதுத் தேவைக்காக நிலத்தை எடுக்கலாம் என்று சட்டம் கூறியது. சாலைக்கும் மருத்துவமனைக்கும் எடுத்தால் மக்கள் முணுமுணுப்பர், பிறகு பொறுத்துக்கொள்வர். ஆனால் தனியார் கட்டும் விலையுயர்ந்த வீடுகளுக்கும் 'பொதுத் தேவை' என்ற அதே சொல் பயன்பட்டது. நகரத் தலைவரின் ஓர் உத்தரவு போதும், நோட்டீசு வரும், இயந்திரமும் வரும். நஷ்ட ஈடாக வீட்டுக்கு ஈடான வீடு உண்டு; முற்றத்துக்கும், பழ மரங்களுக்கும், அண்டை அயலாருக்கும் ஈடு கணக்கிடுவதற்கு வாய்பாடு இல்லை.

மக்கள் முதன்முறையாக வாய் திறந்து எதிர்த்தனர். வழக்காடினர், சமூக வலைத்தளங்களில் குழுக்கள் அமைத்து இடிப்புச் செய்திகளை நாள்தோறும் பதிந்தனர். 2019-இல் நாட்டின் மேற்கிலுள்ள ஊர்கெஞ்ச் நகரில் வீடிழந்தோர் சாலையை மறித்தனர். அதே ஆண்டு நவம்பரில் மந்திரி சபை புது விதிகளை வெளியிட்டது: சொந்தக்காரருடன் உடன்பாடு வேண்டும், சந்தை விலையில் நஷ்ட ஈடு வேண்டும் என்றது. 2022-இல் இது சட்டமாக விரிவடைந்தது. 2023 ஏப்ரல் 30-ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அரசியலமைப்பிலோ, நீதிமன்றத் தீர்ப்பின்றி எவரையும் வீட்டிலிருந்து அகற்றலாகாது என்றும், நஷ்ட ஈடு முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்றும் எழுதப்பட்டது. எழுத்து நடைமுறையாகப் பல தடைகள் உள்ளன. ஆயினும் எழுத்தே இல்லாத நிலை மாறிவிட்டது. சாதாரண மக்களின் பிடிவாதம் ஈட்டிய பயன் இது.

அடுக்கு வீட்டு வட்டாரங்களிலும் வேறு விதமான தகராறு. அன்று மரம் நட விட்ட வெளியிடங்கள், இன்று கட்டுநர்களின் கண்ணுக்கு வெறும் மனைகளாகத் தெரிகின்றன. நான்கு மாடி வீடுகளின் நடுவே பதினாறு மாடி எழுகிறது. சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் பழைய அளவே. பள்ளிக்கூடத்தில் இருக்கைகளும் பழைய எண்ணிக்கையே. 2009-இல் நகர மையச் சதுக்கத்தில் முதிர்ந்த சினார் மரங்கள் ஓரிரு நாளில் வெட்டப்பட்டபோது மக்கள் கலங்கினர். பத்தாண்டு கழித்து, 2019 நவம்பர் முதல், மதிப்புள்ள மரங்களை வெட்டத் தடை விதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் நிழல் குறைகிறது; குளிர்கால மாதங்களில் காற்றின் மாசு சில நாட்களில் உலகிலேயே மிக மோசமான நகரங்களின் வரிசையில் தாஷ்கண்டை நிறுத்துகிறது. 2022-இல் ருஷ்யாவிலிருந்து ஏராளமானோர் வந்து சேர்ந்தபோது வாடகை திடீரென உயர்ந்தது; உள்ளூர் மாணவர்களும் வாடகைக் குடும்பங்களும் இடம் பெயர நேர்ந்தது.

புதிய தாஷ்கண்ட்

நெருக்கடிக்கு விடையாக அரசாங்கம் 'புதிய தாஷ்கண்ட்' என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. நகருக்குக் கிழக்கே, சிர்சிக், கராசு ஆகிய இரு நதிகளுக்கிடையே சுமார் 20,000 ஹெக்டேர் பரப்பில் இது அமையும். 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. முடிவில் இருபது லட்சம் மக்கள் குடியிருக்கலாம் என்பது திட்டம். 2020 முதல் நிலத்துக்கு மேலே ஓடும் ரயில் தடங்களும் நகரைச் சுற்றி நீண்டு வருகின்றன.

ருஷ்யர் 1865-க்குப் பின் கால்வாய்க்கு அப்பால் ஓர் ஊர் கட்டினர். சோவியத் நிபுணர் தென்மேற்கில் ஓர் ஊர் கட்டினர். இப்போது ஆற்றுக்கு அருகே ஓர் ஊர். பழையதைச் செப்பனிடுவதைவிடப் பக்கத்தில் புதியதைக் கட்டுவது அந்நகரின் நெடுநாள் வழக்கம் போலும். பழைய மஹல்லாக்களை இடிக்காமல் காக்க இப்புதிய நகர் உதவுமானால் அது பெரும் நன்மை. ஆனால் சிலன்சாரின் துருப்பிடித்த குழாய்களுக்குச் செல்ல வேண்டிய பணமும் கவனமும் இங்கே திரும்பிவிடுமானால், பழைய வீடுகளில் வாழ்வோர் மீண்டும் காத்திருப்போர் வரிசையில் நிற்பர். கட்டும் வீடுகளின் விலை ஆசிரியருக்கும், பேருந்து ஓட்டுநருக்கும், நெசவாலைத் தொழிலாளிக்கும் எட்டுமா என்பதும் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

நேயர்களே, தாஷ்கண்ட் நமக்குக் காட்டுவது என்ன? பூகம்பம் ஒரு விடியற்காலையில் இடித்ததை மூன்றரை ஆண்டில் கட்ட முடிந்தது. உடைந்த சுவரை மீண்டும் எழுப்பலாம். கலைந்த அண்டை அயலை எழுப்புவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். அரசாங்கம் வீட்டைத் தானே கட்டிக் கொடுத்த காலத்தில் குடியிருப்போரைக் கேட்கவில்லை; தனியார் கட்டி விற்ற காலத்திலும் முதலில் கேட்கவில்லை. இரண்டு முறைகளும் எதிரெதிரானவை, பிழை ஒன்றே.

நீங்கள் வாழும் நகரங்களிலும் பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் திட்டங்கள் நாள்தோறும் பேசப்படுகின்றன. அத்தகைய திட்டம் உங்கள் தெருவுக்கு வரும்போது மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள். முடிவு செய்பவர் யார்? இங்கிருப்போர் எங்கே போவர்? எல்லாருக்கும் பொதுவான கூரையையும் குழாயையும் மரத்தையும் நாளை காப்பவர் யார்? தாஷ்கண்டின் மக்கள் இம்மூன்று கேள்விகளையும் பலமாகக் கேட்கக் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு ஆயிற்று. கேட்ட பிறகுதான் அவர்கள் சட்டத்தில் இரண்டு வரிகள் மாறின. அவ்வளவு நாள் நாம் காத்திருக்க வேண்டுவதில்லை.